கோயம்புத்தூர் தாயியும் பாரிஸ் பியானோவும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

"இசைக்கு மொழி இல்லை, நாடு இல்லை, எல்லை இல்லை" என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். நம் கல்லூரி விழாக்களிலும் இதைச் சொல்லாத பேச்சாளர் அரிது. சொன்னவுடன் கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆனால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. இசைக்கு மொழி உண்டு, ஊர் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடியவருக்கு ஒரு பெயர் உண்டு. பாட்டு எல்லை தாண்டும்போது அந்தப் பெயர் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. அதை யாரும் தேடுவதில்லை.

வெறும் வாதமாக இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆகவே ஒரு பிரெஞ்சுக்காரரின் வரலாற்றைச் சொல்லி, அதன் வழியே என் கருத்துக்கு வருகிறேன்.

மொரீஸ் தெலாஜ் 1879ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். இசைக் குடும்பம் அல்ல. இசைக் கல்லூரிப் படிப்பும் இல்லை. முதலில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பிறகு பூலோன் என்ற கடற்கரை ஊரில் மீன் வியாபாரம். கொஞ்ச காலம் இராணுவம். இத்தனைக்கும் பிறகு, இருபது வயதைக் கடந்த பின்புதான் இசையைக் கையில் எடுத்தார். "ஐந்து வயதில் தொடங்காவிட்டால் சங்கீதம் வராது" என்று நம்மிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். "இதெல்லாம் பரம்பரையாக வர வேண்டியது தம்பி" என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட எனக்கு, மீன் விற்றவர் இசையமைப்பாளர் ஆனார் என்ற செய்தியே பெரிய தெம்பாக இருந்தது.

அந்நாளில் பிரெஞ்சு இசையின் பெரும்புள்ளியாக வளர்ந்துகொண்டிருந்த மொரீஸ் ராவெல், தெலாஜைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். ராவெலைச் சுற்றி ஒரு நண்பர் குழு. கவிஞர், ஓவியர், இசைவாணர் என்று எல்லோரும் கலந்த குழு. "அப்பாஷ்கள்" என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். போக்கிரிகள் என்று பொருள் கொள்ளலாம். இரவு முழுவதும் பியானோ வாசித்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? தெலாஜின் வீடு சற்று ஒதுக்குப்புறமாக இருந்ததால் கூட்டமெல்லாம் அங்கேதான். ராவெல் தம் புகழ்பெற்ற பியானோத் தொகுப்பான "கண்ணாடிகள்" என்பதில் மணிகளின் பள்ளத்தாக்கைப் பற்றிய பகுதியைத் தெலாஜுக்கே காணிக்கை ஆக்கினார். ருஷ்யரான ஸ்ட்ராவின்ஸ்கியும் தம் ஜப்பானியப் பாடல்கள் மூன்றில் முதலாவதை அவருக்கு அர்ப்பணித்தார். ஆனால் பாரிஸின் பழைய இசைச் சங்கம் தெலாஜின் படைப்பை அரங்கேற்ற மறுத்தது. ராவெல் அச்சங்கத்தை விட்டு விலகி நண்பர்களோடு புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட மறுப்புகளும் காரணம்.

1912ஆம் ஆண்டு. தெலாஜுக்கு முப்பத்திரண்டு வயது. தந்தையார் தொழில் நிமித்தமாகக் கிழக்கு நாடுகளுக்குப் புறப்பட்டார். மகனும் உடன் வந்தார். (இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை முடிந்துபோகிறது. என் அப்பா தண்ணீர் லாரி ஓட்டுபவர். அவருடைய தொழில் பயணத்தில் நான் உடன் சென்றால் பள்ளிக்கரணையிலிருந்து பெருங்குடி வரை போகலாம்.) இந்தியாவையும் ஜப்பானையும் பார்த்துத் திரும்பிய தெலாஜ், "நான்கு இந்துக் கவிதைகள்" என்ற பாடல் தொகுப்பை இயற்றினார். 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் அது அரங்கேறியது. அதே மேடையில் ராவெலின் புதிய பாடல்களும் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்களும் பாடப்பட்டன. தெலாஜின் பெயர் இன்றும் நிலைத்திருப்பது பெரும்பாலும் இந்தத் தொகுப்பால்தான். ஜேனட் பேக்கர் போன்ற பெரிய பாடகியர் இதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நான்கு பாடல்களுக்கும் நான்கு ஊர்ப் பெயர்கள்: மதராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர். முதல் பாடலே நம் ஊர்! கைப்பேசியில் அந்தப் பெயரைக் கண்டதும் நான் எவ்வளவு ஆசையோடு கேட்டிருப்பேன் என்று சொல்லவேண்டியதில்லை. கேட்டேன். இனிமையான பாட்டு. புல்லாங்குழலும் யாழ் போன்ற ஹார்ப்பும் அழகாகத்தான் இழைகின்றன. ஆனால் அதில் மதராஸ் எங்கே? பாடல் வரிகள் பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுளைப் பிரெஞ்சில் பெயர்த்தவை. ஜெய்ப்பூர் பாடலும் அவ்வாறே. லாகூர் பாடலின் கதை இன்னும் வேடிக்கை: அதன் வரிகள் ஜெர்மன் கவிஞர் ஹைனே எழுதியவை! பனிமலையில் தனித்து நிற்கும் ஒரு மரம், தொலைவிலுள்ள பனைமரத்தைக் கனவு காண்கிறது. ஆக, அந்த ஊர்ப் பெயர்கள் கடித உறைமேல் விழுந்த அஞ்சல் முத்திரைகள் போன்றவை. எங்கிருந்து போட்டது என்று தெரியும்; உள்ளே இருப்பது வேறு.

இப்படிச் சொல்வதால் தெலாஜைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். லாகூர் பாடலின் தொடக்கத்தில் செல்லோ தனியாக ஒலிக்கிறது. தந்தியைச் சுண்டிவிட்டு, இடக்கை விரலைத் தந்தியின்மேல் இழுத்து இழுத்துச் சுரங்களை வழுக்கிச் செல்லவிடுகிறார்கள். நம் வீணையில் விரலால் கமகம் பிடிப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இது என்ன முயற்சி என்று உடனே விளங்கும். ஐரோப்பிய இசை எழுத்துமுறையில் சுரம் என்பது ஒரு புள்ளி. நமக்கோ சுரம் என்பது ஓர் அசைவு. புள்ளிகளால் அசைவை எழுதப் பார்த்த மனிதர் அவர். அந்தக் காலத்து ஐரோப்பியர் பலர் "கீழைநாட்டு இசை" என்றால் நாலு மணியையும் ஒரு நெளிந்த மெட்டையும் போட்டுவிட்டு முடித்துக்கொண்டார்கள். தெலாஜ் காது கொடுத்துக் கேட்டவர்.

எதைக் கேட்டார் என்பதுதான் கேள்வி. அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர் யான் பாஸ்லர், 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையில் தெலாஜின் இசையைப் பழைய இந்திய கிராமபோன் தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். லாகூர் பாடலின் செல்லோவுக்குப் பின்னால் இம்தாத் கானின் சுர்பஹார் தட்டு இருக்கிறது என்று காட்டினார். இன்னொரு படைப்புக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தமிழ்ப் பாடகி. அந்தப் படைப்பின் பெயரே "ராகமாலிகா". 1912இல் தொடங்கி 1922 வரை தெலாஜ் அதில் ஈடுபட்டிருந்தார். அந்தப் பாடகி கோயம்புத்தூர் தாயி.

"ராகமாலிகா"வில் தெலாஜ் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நாடவில்லை. தமிழ்ச் சொற்களே வருகின்றன. மெட்டும் அவருடைய கற்பனை அல்ல. தாயியின் இசைத்தட்டை ஒட்டியே செல்கிறது. ராகமாலிகை என்பது நம் இசையில் ஓர் உருப்படி வகை. பல ராகங்களை மாலையாகத் தொடுப்பது. பாரிஸில் அது ஒரு தனிப் படைப்பின் தலைப்பாகிவிட்டது. ஒருவர் தம் நாவலுக்கு "நாவல்" என்றே பெயர் வைத்ததைப் போல!

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இந்தப் படைப்பில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. துணைக்கு வாசிக்கும் பியானோவில், கீழ்ப் பகுதியிலுள்ள பி-பிளாட் சுரத்தின் தந்திகளுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிவைக்க வேண்டும் என்று தெலாஜ் குறிப்பு எழுதியிருக்கிறார். அட்டை செருகினால் தந்தியின் அதிர்வு சட்டென்று அடங்கும், மேற்சுரங்கள் மடியும், "டங்" என்பது "தொம்" ஆகும். மிருதங்கத்தின் ஒலிக்காகவே இந்த ஏற்பாடு. அமெரிக்கரான ஜான் கேஜ் 1940 வாக்கில் பியானோத் தந்திகளுக்கிடையே திருகாணியும் ரப்பரும் செருகிப் புகழ்பெற்றதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, ஒரு பிரெஞ்சுக்காரர் நம் மிருதங்கத்துக்காக இதைச் செய்துவிட்டார்.

ஆனால் மிருதங்கம் அட்டையால் ஒலிப்பதில்லை. வலந்தலையின் நடுவே கருப்பாகப் பூசியிருக்கிறார்களே, அதற்குக் கரணை என்று பெயர். (நம் ஊர்ப் பெயருக்குள்ளும் அந்தச் சொல் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் என்னை மன்னிக்க!) தந்தியில் எழும் மேற்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக அமையும். வெறும் தோலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதனால்தான் சாதாரணக் கொட்டின் ஒலி இரைச்சலாகக் கேட்கிறது. கரணை பூசிய தோலிலோ மேற்சுரங்கள் தந்தியைப் போலவே ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. இதை சர் சி.வி.ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920இல் "நேச்சர்" இதழில் எழுதினார். பாரிஸில் ஒருவர் தந்தியைத் தோலாக்க முயன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தோல் எப்படித் தந்தியாகிறது என்று இங்கே ஒருவர் விளக்கினார். ஆனால் ராமனுக்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அந்தக் கரணையை இழைத்து இழைத்துப் பூசி, தட்டித் தட்டிக் கேட்டுச் சரிசெய்த கைகள் யாருடையவை? மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. வித்துவான்களின் பெயர் நமக்கு மனப்பாடம். வாத்தியம் செய்தவரின் பெயரைச் சொல்லத் தனிப் புத்தகம் தேவைப்படுகிறது.

தாயியிடம் வருகிறேன். 1872இல் பிறந்தவர். இயற்பெயர் பழனிக்குஞ்சரம். தேவதாசி மரபில் வந்து, ஆடலும் பாடலும் கற்று, பிறகு பாட்டையே பெரிதும் பற்றியவர். கிராமபோன் கம்பெனி நம் நாட்டில் இசைத்தட்டு எடுக்கத் தொடங்கிய காலத்தில் துணிந்து பாட முன்வந்தவர்கள் பெரும்பாலும் இவரைப் போன்ற மரபில் வந்த பெண்களே. "குலப்பெண்கள்" என்று தம்மைச் சொல்லிக்கொண்ட குடும்பத்துப் பெண்கள் அப்போது சபையில் பாடுவதில்லை. தாயி 1917இல் நாற்பத்தைந்து வயதில் மறைந்தார். மின்சார ஒலிப்பதிவு வந்ததோ 1925இல். ஆகவே தாயியின் தட்டுகள் எல்லாம் பழைய முறையில் எடுக்கப்பட்டவை. ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்தக் காற்றதிர்வே ஒரு தகட்டை அசைத்து, ஊசியை அசைத்து, மெழுகில் கோடு கீறும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். அதற்குள் ஆலாபனை, பாட்டு, ராகம் மாறுதல் எல்லாம் முடிய வேண்டும். இதுவும் ஒரு கலைதான். இன்று இரண்டு மணி நேரக் கச்சேரி செய்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

அக்காலத் தட்டுகளில் இன்னொரு வழக்கம் இருந்தது. 1902இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். மெழுகுப் பதிவு கடல் கடந்து ஜெர்மனிக்குப் போய் அங்கேதான் தட்டாக அச்சாகும். எது யாருடைய குரல் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அந்தப் பெண்மணி அதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தொழிற்சாலைக்காரருக்குச் சொன்ன குறிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

தாயியின் பாட்டை என் கைப்பேசியில் எங்கள் ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆயா எழுத்தறியாதவர். பள்ளிக்கரணையில் ஏரியும் வயலும் இருந்த காலத்தில் நடவுக்குப் போனவர். கரகரவென்று தட்டின் இரைச்சல் முதலில் வந்தது. சற்று நேரம் கேட்டுவிட்டு, "மழ பேயுற மாதிரி இரையுது. அதுக்குள்ள நின்னுகிட்டு ஒரு பொம்பள பாடுது. யார்ரா அது?" என்றார்.

"கோயம்புத்தூர் தாயி, ஆயா."

"தாயின்னா எல்லாருந்தான் தாயி. பேரு என்னன்னு கேக்குறேன்."

"பழனிக்குஞ்சரம்."

"அப்படிச் சொல்லு" என்றார்.

அடுத்து தெலாஜின் "ராகமாலிகா"வைப் போட்டேன். ஐரோப்பியப் பாடகி ஒருவரின் குரல். குரலில் குறையே இல்லை. தமிழ்ச் சொற்கள்தாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் கூழாங்கற்கள் போல உருள்கின்றன. அந்தப் பாடகிக்குத் தமிழ் வெறும் ஒலி. தாயிக்கு அது பொருள். "இசைக்கு மொழி இல்லை" என்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஆயா பாதியிலேயே முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

தெலாஜ் திருடினார் என்று சொல்கிறாயா என்று வகுப்பு நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை. தமிழை மாற்றாமல் தமிழாகவே வைத்தார், மெட்டைச் சிதைக்கவில்லை, மிருதங்கத்துக்காக விலையுயர்ந்த பியானோவுக்குள் அட்டையைச் செருகினார். இதெல்லாம் மரியாதையின் அடையாளங்கள். என் வழக்கு அவர்மேல் மட்டுமல்ல. படைப்புப் பட்டியல்களில் "ராகமாலிகா – மொரீஸ் தெலாஜ்" என்று ஒற்றைப் பெயர் நிற்கிறதே, அந்த வழக்கத்தின் மேல்தான். எழுதியவர் படைப்பாளி, பாடியவர் வெறும் குரல் என்று யார் வகுத்தது?

மற்றொரு பிரெஞ்சு இசையமைப்பாளரை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஒலிவியே மெஸ்ஸியான் (1908–1992) நம் பழைய தேசி தாளங்களைத் தம் இசையில் ஏராளமாகக் கையாண்டார். பறவைகளின் குரல்களை எழுதிச் சேர்த்தவரும் அவரே. நம் சதுப்புநிலத்துக்கு வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டார். அவர் தாளங்களை எடுத்தது பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சங்கீத ரத்னாகரத்திலிருந்து. அதை இயற்றிய சார்ங்கதேவரின் பெயரை 1944இல் தம் இசைமுறையை விளக்கிய நூலில் குறிப்பிடவும் செய்தார். நல்லது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நூல் எழுதிய ஆண்மகனின் பெயர் பாரிஸ் வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தெலாஜ் இந்தியாவுக்கு வந்தபோது உயிரோடிருந்து பாடிக்கொண்டிருந்த பெண்ணின் பெயர், எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒரு ஆராய்ச்சியாளர் தட்டையும் தாளையும் ஒப்பிட்ட பிறகே வெளியே வந்தது. ஏட்டில் இருக்கும் அறிவுக்கு உரிமையாளர் உண்டு. தொண்டையில் இருக்கும் அறிவுக்கு இல்லை. வீட்டில் முதன்முதலாக ஏட்டைத் தொட்டவன் என்பதால் எனக்கு இது உறைக்கிறது. ஆயாவின் நடவுப் பாட்டுகளுக்கு ஏடும் இல்லை, தட்டும் இல்லை. அவை இருந்த வயல்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் பாடுவோர், ஆடுவோருக்கு உரிமைகளைக் கொண்டுவந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தம்மை இன்னார் என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையையும் சேர்த்தது. தாயி மறைந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து! எனினும் சட்டம் செய்யாததை வழக்கம் செய்யலாம். பாரிஸ் இசை அரங்கின் நிகழ்ச்சி நிரலை நம்மால் மாற்ற முடியாது. நம் வாயை மாற்றலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாயியைப் பற்றி நான் அறிந்தது பிரெஞ்சு இசையைத் தேடிப் போனதால்தான். நம்மவர் பெருமையை அயலார் சொல்லித்தான் அறிகிறோம் என்று மேடையில் கண்ணீர் வடிப்பது எளிது. "ஒரு பிரெஞ்சுக்காரரே மெச்சிய பாடகி" என்று தாயியை அறிமுகப்படுத்துவதும் எளிது. அந்த வாசகம் எனக்குப் பிடிக்கவில்லை. தெலாஜ் என்பவர் பிறவாமலே போயிருந்தாலும் தாயி அதே தாயிதான். அந்தத் தட்டிலுள்ள மூன்று நிமிடத்தில் ஒரு குறையும் நேர்ந்திருக்காது.

ஆகவே நம் கல்லூரி இசை மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. வரும் ஆண்டு விழாவில் வழக்கமான திரைப்பாடல்களுக்கு இடையே மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். தாயியின் தட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் போடலாம். பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன, செலவு ஏதும் இல்லை. நேரம் இருந்தால் அடுத்து தெலாஜின் "ராகமாலிகா"வையும் போடலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. அறிவிப்பாளர் முதலில் "பழனிக்குஞ்சரம், கோயம்புத்தூர்" என்று சொல்லட்டும். இரைச்சல் அதிகமாக இருக்கும் என்பதால் கடைசி வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து அமர்வது நல்லது.